0.9-க்கு எத்தனை விசில்?

ரெஜினா டீச்சர் தன் b வரிசைச் சிப்பாயை இரண்டு விரலால் ஒரு கட்டம் முன்னே தள்ளிவிட்டு, "டிரா போட்ருவோமா சுதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக் கடிகாரத்தை அமுக்கினார். அமுக்கிய கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். வந்த வேலை முடிந்தது, இனி நீ கை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று அர்த்தம். சுதாமணி கை கொடுக்கவில்லை. மணமேடையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நடுவரின் தலைக்கு மேலே, யாரோ போன முகூர்த்தத்தில் ஒட்டிய தெர்மோகோல் இதயம் பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஈரோட்டுக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் செஸ் போட்டி நடக்கும். மணமகள் அறையில் மொபைல் போன்களை வாங்கி வைப்பார்கள், மணமகன் அறையில் முடிவுகள் பிரிண்ட் ஆகும். கடைசிச் சுற்று, நான்காவது மேசை, பதின்மூன்றாவது நகர்த்தல், மணி பதினொன்றே கால். மாநிலப் பெண்கள் அணிக்கு நாலு பேர் போவார்கள், ஐந்தாவது ஆள் ரிசர்வ். ஜெயித்தால் சுதாமணி நாலாவது. டிரா என்றால் ஐந்தாவது, அதாவது ரிசர்வ், அதாவது ரயில் டிக்கெட் உண்டு, அணியின் பேர் போட்ட சட்டை உண்டு, ஆட மட்டும் நாற்காலி கிடையாது. தோற்றால் பஸ் பிடித்து கோபிக்குப் போய், விடிகாலை ஐந்தரைக்கு வழக்கம் போல பால் சொசைட்டியைத் திறக்கலாம். டீச்சருக்கு டிரா போதும். அவர் கேட்டதில் தப்பே இல்லை. முப்பத்தொன்பது வயசில் இன்னொரு தரம் இந்த மேசை வரைக்கும் வர முடியுமா என்று சுதாமணி யோசித்தாள்.

அவள் குதிரையை அந்தச் சிப்பாய் மிரட்டுகிறது. குதிரை மூன்று இடத்துக்குப் போகலாம். e2-வுக்குப் பின்வாங்கலாம், மரியாதையான இடம், மாமியார் வீட்டில் உட்காருவது போலக் காலை ஒடுக்கி உட்கார்ந்துகொள்ளலாம். a4-க்குப் போகலாம், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். இல்லையென்றால் d5, நேரே போய் டீச்சரின் சிப்பாய் வாயிலேயே நிற்கலாம். சும்மா கொடுப்பதுதான். ஒரு முழுக் குதிரை, பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாய். ஆனால் d5 என்று நினைத்த மாத்திரத்தில் மனசில் ஒரு எண் வந்து உட்கார்ந்துகொண்டது, 0.9. கூட்டல் 0.9. வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவுக்கு மேலே. அவள் வெள்ளை. இதே நிலைக்கு மாப்பிள்ளை சொன்னது. கம்ப்யூட்டர் செஸ் எஞ்சினுக்கு அவள் வீட்டுக்காரர் பூபதி வைத்த பேர் அது. வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது, வீட்டில் இருக்கிற மின்சாரத்தையெல்லாம் தின்னும், எதைக் கேட்டாலும் காரணம் சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் சொல்லும், அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது, அப்புறம் மாப்பிள்ளை இல்லாமல் வேறு என்ன என்பார். பூபதிக்கு செஸ்ஸில் காய்கள் எப்படி நகரும் என்பது வரைக்கும்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். காலையில் அவள் சொசைட்டிக்குப் போய்விடுவதால் சமையல் அவர் பொறுப்பு. லேப்டாப்பை அடுப்பு மேடையில் அரிசி டப்பா பக்கத்தில் வைத்து, அவள் முந்தின நாள் நோட்டில் வரைந்து வைத்த நிலைகளை ஒவ்வொன்றாக அடுக்கி மாப்பிள்ளையை ஓட விடுவார். எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டார். நேரமாக ஆக இன்னும் ஆழமாகப் பார்க்கும், சும்மா உடனே வருகிற எண்ணை நம்பக் கூடாது என்றாள். "அப்பக் குக்கர் மாதிரின்னு சொல்லு அம்மிணி" என்றார். அன்றைக்குப் பிடித்த வழக்கம். பீட்ரூட் என்றால் இரண்டு விசில், சோறு என்றால் மூன்று, துவரம்பருப்பு என்றால் நாலு. விசில் முடிந்து அடுப்பை அணைத்ததும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார், பக்கத்திலேயே எத்தனை விசில் என்றும் எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. கூட்டல் 0.4, மூணு வி. கழித்தல் 0.2, நாலு வி. ஊரில் யாராவது அந்த நோட்டைப் பார்த்தால் கிறுக்குப் பிடித்த சமையல் புத்தகம் என்று நினைப்பார்கள். அவளுக்கு அது உயிர். ஏழு வருஷத்தில் பதினொரு நோட்டு.

இந்த 0.9-க்கு எத்தனை விசில்? எண் பளிச்சென்று தெரிகிறது, நீல மையில், பக்கத்தின் வலது கீழ் மூலையில், பக்கத்தில் ஒரு மஞ்சள் கறை கூட. ஆனால் கறைக்கு அப்புறம் என்ன எழுதியிருந்தது? மூணா, ஒண்ணா? ஒரு விசில் எண்ணை அவள் மயிரளவுக்கும் மதிப்பதில்லை. முதல் விசிலில் மாப்பிள்ளை கண்டபடி உளறும். கூட்டல் ஒன்றரை என்று மீசையை முறுக்கும், நாலாவது விசிலில் பூஜ்யம் என்று பம்மும். கண் முன்னாலேயே எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அதோடு எண் நிஜமாகவே இருந்தாலும் அது யாருக்கு நிஜம்? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கரூரில் இதே மாதிரி ஒரு நிலை, கூட்டல் 2 என்று நாலு விசில் எண், சத்தியமான எண், அவளுக்கு எண் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. எப்படி 2 என்று ஞாபகம் இல்லை. நம்ம பக்கம் மேலேதானே என்று நெஞ்சை நிமிர்த்தி ஆடினாள், ஆறே நகர்த்தலில் ராணியைத் தொலைத்தாள். கூட்டல் ரெண்டு என்று மாப்பிள்ளை சொன்னது, அடுத்த இருபது நகர்த்தலையும் மாப்பிள்ளையே வந்து ஆடினால் என்ற நம்பிக்கையில். அது போடுகிற மார்க் அதற்கே போட்டுக்கொள்கிற மார்க். அவள் மார்க் இல்லை. இதைப் பூபதியிடம் பஸ்ஸில் அழுதுகொண்டே சொன்னபோது, பாவம் அவர், மாப்பிள்ளைக்காகவும் வக்காலத்து வாங்க முடியாமல், பெண்டாட்டியையும் தேற்றத் தெரியாமல், "நான் இனிமே ரெண்டு தடவை பருப்பு வெச்சுப் பாத்து எழுதறேன்" என்றார். பதினைந்து நாள் வீட்டில் காலையும் மாலையும் பருப்பு. சொசைட்டியிலும் இதே கதைதான். மெஷினில் பாலை ஊற்றினால் கொழுப்பு இத்தனை என்று எண் வரும், எண்ணில் குற்றம் இருக்காது, கேனைக் கலக்காமல் மேலாப்பில் மொண்டு ஊற்றியிருந்தால் அந்த எண்ணை வைத்து நாக்குக் கூட வழிக்க முடியாது. கலக்கினியா கண்ணு என்றுதான் முதலில் கேட்பாள், அப்புறம்தான் மெஷின் பக்கம் திரும்புவாள். அப்படிக் கேட்கிறவள், நோட்டைப் புரட்டும்போது விசிலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எப்படிப் பக்கத்தைத் திருப்பினாள் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் பூபதி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஜாடை காட்டுகிறார்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் மானம் போகும். பார்க்காமலே தெரிந்தது, மடியில் மஞ்சள் பை, பைக்குள் நோட்டு, நோட்டுக்குள் அந்த மூலை. பத்தடி தூரத்தில் பதில் இருக்கிறது, ஆனால் எட்ட முடியாத தூரம். கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் கஷ்டம். கார் ஓட்டப் பழகியபோதும் இப்படித்தான், பக்கத்துச் சீட்டில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது, அவள் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். மூன்றாம் நாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்ற காலைப் பாத்து ஓட்டுனா உனக்கு லைசன்ஸ் வராது, எனக்குத்தான் ரெண்டாவது லைசன்ஸ் வரும்." அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது, கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிவிட்டாள். அந்த நிமிஷத்தில் நேசித்த மாதிரி அவரை அவள் வேறு எப்போதும் நேசித்ததில்லை. சமையல்கட்டுப் பக்கமிருந்து சத்தமாக ஒரு விசில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பருப்பு போலிருக்கிறது, பெரிய குக்கர், மண்டபமே ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. நாலாவது மேசைக்காரிக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று, என்று மனசு தானாக எண்ணியது. பழக்க தோஷம். ரெஜினா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்தப் பாட்டில்! பதினேழு வருஷத்துக்கு முன்னால் நாக்பூரில் சுதாமணி ரிசர்வ். ஒன்பது சுற்று. ஒரு சுற்று கூட ஆடவில்லை. யாருக்கும் தலைவலி கூட வரவில்லை, சண்டாளிகள், ஒன்பது நாளும் கிண்ணென்று இருந்தார்கள். அவள் நாலு பேருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள், ரெண்டாவது மேசையில் ஆடிய ரெஜினா டீச்சருக்கு இதே மாதிரி மூடி போட்ட பாட்டில். டீச்சர் நல்லவர், ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்வார். திரும்பி வரும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அவள் அழுதது யாருக்கும் தெரியாது. டிராவுக்கு ஒத்துக்கொண்டால் மறுபடி அந்தப் பெர்த்துதான். ஒத்துக்கொள்ளாமல் தோற்றால் அந்தப் பெர்த்து கூட இல்லை. கடிகாரத்தில் நாற்பத்தோரு நிமிஷம் இருந்தது.

சரி, மாப்பிள்ளை எத்தனை விசில் ஓடினாரோ தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் ஓடிப் பார்க்கிறேன், இதோ ஒன்று ஆகிவிட்டது, சோற்றுக்கு மூன்று என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் பலகை கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. குதிரை d5. சிப்பாய் வெட்டும். என் சிப்பாய் திருப்பி வெட்டும். இப்போது e வரிசை திறந்துகிடக்கிறது, என் யானை கீழேயிருந்து நேரே பார்க்கிறது. எதை? நடுவில் டீச்சரின் பிஷப், அதன் முதுகுக்குப் பின்னால் டீச்சரின் ராஜா, இன்னும் கோட்டைக்குள் போகாத ராஜா. பிஷப் நகர முடியாது. அடுத்து என் இன்னொரு குதிரையும் அதே பிஷப் மேல் பாயும். அடடா, ஆனால் டீச்சர் உடனே கோட்டை கட்டிக்கொண்டால்? ராஜா ஓரமாகப் போய் ஒளிந்துகொண்டால் கொடுத்த குதிரை கொடுத்ததுதானே? இங்கேதான் மனசு முட்டிக்கொண்டு நின்றது. கோட்டை, குதிரை போச்சு. கோட்டை, குதிரை போச்சு. கரூர். போன வாரம் சொசைட்டியில் ஒரு பாட்டில் கை நழுவி உடைந்தது, ஏன் இப்போது அந்த ஞாபகம்? உடைந்த பாட்டிலைப் பூபதி பொறுக்கினார், இல்லை, அது வீட்டில், வேறு பாட்டில். ரெண்டாவது விசில். அந்தச் சத்தத்தில் எல்லாம் உதிர்ந்து பிஷப் மட்டும் நின்றது. பிஷப்பை யார் காக்கிறார்கள்? ராணி c7-இல் நிற்கிறாள், அவளுக்கும் பிஷப்புக்கும் நடுவில் டீச்சரின் சொந்தக் குதிரையே மறித்துக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் அந்த பிஷப்புக்கு ராஜாவை விட்டால் நாதி இல்லை. ராஜா கோட்டைக்குப் போனால் பிஷப் அநாதை, என் யானை வந்து எடுத்துக்கொள்ளும். கொடுத்தது திரும்பி வரும். அப்போ டீச்சர் கோட்டை கட்ட முடியாது. ராஜா கால்நடையாகத்தான் கிளம்ப வேண்டும், ஒரு யானை மூலையிலேயே மாட்டிக்கொள்ளும், நான் துரத்தலாம். ஜெயிப்பேனா? தெரியாது. முழுசாகத் தெரியவில்லை. 0.9-ஆ 0.3-ஆ என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் இது எனக்குப் புரிகிற ஆட்டம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எண் இல்லாமலே தெரிகிறது. e2-வில் போய் உட்கார்ந்தால் சரிசமம் என்று எந்த மாப்பிள்ளையும் நாலு விசிலில் சத்தியம் பண்ணுவான், ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. இப்படி நினைத்தபோது பயம் போகவில்லை, பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆசையும் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். மூன்றாவது விசில் வர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார். விசில் வந்தது, நீளமாக, பிசிறில்லாமல். சுதாமணி குதிரையை எடுத்து d5-இல் வைத்துக் கடிகாரத்தை அமுக்கினாள். "ஆடலாங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் இருபத்தாறு நிமிஷம் யோசித்தார். யோசித்துவிட்டு வெட்டினார், ராஜாவை நடத்திக் கூட்டிப்போனார், நன்றாகவே தப்பிக்கப் பார்த்தார். ஒரு மணிக்குத் தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமல் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ பாட்டில நான்லா தூக்கணும்" என்றார். ஐந்தாவது இடம் அவருக்கு. நாக்பூரை அவரும் மறக்கவில்லை என்பது சுதாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒரு சுத்து எனக்குத் தலைவலி வரும் டீச்சர், நீங்க ஆடுங்க, கண்டிப்பா வரும்" என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பூபதி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஆடினவளுக்கு வேர்க்கவில்லை, அவருக்கு வேர்த்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "ஏனுங்க, அந்த 0.9-க்கு எத்தனை விசில் போட்டிருந்தீங்க? அதே நெனப்பா இருந்துச்சு" என்றாள். அவர் பருப்பைப் பிசைந்தார். பிசைந்த பருப்பையே திரும்பவும் பிசைந்தார். "சொன்னா இங்கயே திட்டுவே." "சொல்லுங்க மாமா." "நீ குதிரையக் கொண்டாந்து வெச்சதும் எனக்கு உசுரே இல்ல அம்மிணி. அன்னைக்குக் கேஸ் தீந்துபோச்சு. விசிலே வரல. குக்கர் ஆறிப்போச்சு. மாப்பிள்ளை அப்பத்தான் வாயத் தொறந்திருந்தாரு, என்ன சொன்னாரோ அத அப்படியே எழுதிப்போட்டேன். சிலிண்டர் வந்தப்பறம் மறுபடி வெச்சுப் பாத்துக்கலாம்னு இருந்தேன், மறந்துபோச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "அங்கிருந்து கத்திச் சொல்லீரலாமான்னு நெனச்சேன். பிரேக்கே இல்லாத சீட்டுல உக்காந்த மாதிரி இருந்துச்சு." சுதாமணி இடது கையால் மஞ்சள் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். அதே பக்கம், அதே மூலை, நீல மை, மஞ்சள் கறை. கூட்டல் 0.9. கறைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள், வலது கை எச்சில் என்பதால் இடது கையாலேயே, குழந்தை எழுதுவது போலக் கோணல் மாணலாக, அந்த வெள்ளை இடத்தில் எழுதினாள்: மூணு வி.